செய்தி படிக்க எந்த ஃபீட் ரீடர்? தேர்வுக்குப் படிப்பவன் கேட்கிறேன், இலவசமாக வேண்டும்

குரூப்டூ கனவு | காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடப்பு நிகழ்வுகளுக்காகத் தினமும் தி இந்து, பிபிசி தமிழ், மத்திய அரசின் செய்தி வெளியீட்டுத் தளமான பிஐபி, ரிசர்வ் வங்கித் தளம், இரண்டு தமிழ் நாளிதழ்கள், நாலைந்து வலைப்பதிவுகள், சில யூடியூப் சேனல்கள் என்று ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். விளம்பரத்தை மூடி, நேற்றே படித்தது எது, புதிதாக வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் காலைப் பொழுது போய்விடுகிறது. டெலிகிராமில் பிடிஎஃப் வருகிறதுதான். ஆனால் ஒரு குழுவில் இருக்கும் தப்பு அப்படியே எல்லாக் குழுவிலும் இருக்கிறது.

எல்லாத் தளங்களிலும் புதிதாக வந்ததை ஒரே இடத்தில் காட்டும் ஃபீட் ரீடர் வைத்துக்கொள் என்றான் நண்பன். தேடினால் பெயர்கள் கொட்டுகின்றன. பகலில் நூலகத்துக் கணினி, இரவில் பழைய ஆண்ட்ராய்டு போன், இதுதான் என் வசதி. பணம் கட்டும் நிலையில் இல்லை. எதை எடுக்கலாம்?

சிமிழ் | காலை 8:05

பெயர்களை ஒதுக்கி வையுங்கள். ஃபீட் எனும் ஓடைகளைப் போய்ப் பார்த்து எடுத்து வரப்போவது உங்கள் போனா, எங்கோ இருக்கும் சர்வரா? இதை முடிவு செய்தாலே பட்டியலில் பாதி குறைந்துவிடும்.

ஓடை என்பது தளம் வெளியிடும் ஒரு சாதாரணக் கோப்பு. கடைசியாக வந்த சில பதிவுகளின் தலைப்பு, சுட்டி, தேதி, சுருக்கம் அதில் இருக்கும். மேலே புதியது ஏறினால் அடியில் பழையது விழுந்துவிடும். வேர்ட்பிரஸ் தளங்களில் வழக்கமாக 10 பதிவுகள், பிளாகரில் 25, யூடியூப் சேனலில் 15. வாரம் ஒரு பதிவு எழுதுபவரின் ஓடையை ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் எதுவும் தவறாது. நாளிதழ் ஓடை அப்படி இல்லை. காலையில் வந்த செய்தி மாலைக்குள் கோப்பை விட்டே போயிருக்கலாம். இடையில் உங்கள் போன் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அப்படி ஒரு செய்தி வந்ததே உங்களுக்குத் தெரியாது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும் போன்கள் நம் ஊரில் நிறைய. உங்களுடையதும் அந்த ரகமாக இருக்கலாம்.

சர்வரில் ஓடும் சேவை என்றால் நீங்கள் தூங்கும்போதும் அது பார்த்துக்கொண்டிருக்கும். நூலகத்தில் படித்து முடித்தது வீட்டுக்கு வந்து போனைத் திறந்தாலும் படித்ததாகவே இருக்கும். இரண்டு கருவி வைத்திருக்கும் உங்களுக்கு இதுதான் சரி. இலவசக் கணக்கில் இனோரீடர் 150 ஓடை வரை தருகிறது. ஃபீட்லியில் 100 ஓடையும் 3 கோப்புறையும். தி ஓல்ட் ரீடரிலும் 100 ஓடை. என் ஓட்டு இனோரீடருக்கு. விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சி | காலை 8:31

பெயருக்கேற்ப எதிர்த்துவிடுகிறேன். தம்பி, ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்று ஒரு செயலி இருக்கிறது. எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையில் கிடைக்கும், நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூலம், கணக்கு தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. நிறுவி, முகவரிகளைப் போட்டால் வேலை முடிந்தது. முழுக் கட்டுரையையும் இழுத்து வைத்துக்கொள்ளும், இணையம் இல்லாதபோது படிக்கலாம்.

இலவசச் சேவையில் கணக்கு வைத்தால் நீங்கள் எதைத் திறக்கிறீர்கள், எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்ற விவரம் முழுக்க அந்த நிறுவனத்தின் கையில். நாளைக்கே இனி 50 ஓடைதான் என்று அறிவித்தால் என்ன செய்வீர்கள்? கேள்வி கேட்கக்கூட இடமில்லை. காசு கொடுக்காதவருக்கு வாய் ஏது.

சிமிழ் | காலை 8:44

விவரம் ஒரே இடத்தில் சேருவது உண்மைதான். ஆனால் போனிலிருந்து நேராக எடுத்தால் ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும், எப்போது எல்லாம் வந்து பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். யாருக்குத் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. இவருக்கு நூலகக் கணினியிலும் படிக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே?

எதிர்க்கட்சி | காலை 8:50

நூலகத்தில் புத்தகம் படிக்கலாமே. :)

பழைய பதிவர் | காலை 10:15

மேலே ஒருவர் நாளைக்கே மாற்றிவிட்டால் என்று கேட்டதால் எழுதுகிறேன். அது நடந்தது, எங்கள் தலைமுறைக்கே நடந்தது.

2004-ல் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி வந்தபோது தமிழில் எழுதிய எல்லோரையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது. அதன் அடியில் ஓடியதும் ஆர்எஸ்எஸ் என்ற இதே ஓடை வடிவம்தான். பதிவர்கள் பெருகப் பெருக, எனக்குப் பிடித்தவர்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள ஆசை வந்தது. 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. சில வருடங்களில் நான் அறிந்த பதிவர்கள் பாதிப் பேர் அதற்குள்தான் குடியிருந்தார்கள். பிடித்த பதிவை நண்பர்களுக்குப் பகிரலாம், அதற்கு அவர்கள் கருத்து எழுதலாம். தன் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸை வளர்ப்பதற்காக 2011-ல் அந்தப் பகிரும் வசதியை எடுத்தார்கள். அப்போதே பலருக்கு மனம் விட்டுப்போயிற்று. 2013 மார்ச் 13 அன்று ரீடரையே மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்பது சொன்ன காரணம். ஜூலை 1 அன்று கதவு சாத்தினார்கள். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் ஃபீட்லிக்குப் போனார்கள் என்று ஃபீட்லியே அப்போது சொன்னது. இனோரீடர் போன்றவை தலையெடுத்ததும் அந்த வருடத்தில்தான். வந்த தேதியைப் பார்த்தாலே எதற்காக வந்தவை என்று புரியும்.

அன்று பெரிதாகக் கஷ்டப்படாமல் இடம் மாறியவர்கள் ஓபிஎம்எல் கோப்பை இறக்கிக்கொண்டவர்கள். நீங்கள் சேர்த்த எல்லா ஓடைகளின் முகவரியும் கோப்புறை வாரியாக அந்த ஒரு கோப்பில் வந்துவிடும். பெரும்பாலான ரீடர்களிலிருந்து இறக்கலாம், வேறொன்றில் ஏற்றலாம். எனவே தம்பி, எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஓபிஎம்எல் ஏற்றுமதி உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாதம் ஒரு முறை இறக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஓபிஎம்எல்லில் முகவரிகள் மட்டும்தான் வரும். நட்சத்திரம் போட்டுச் சேமித்த கட்டுரைகள் வராது. இலவச ரீடரில் நட்சத்திரம் போட்டுச் சேர்ப்பது வாடகை வீட்டுச் சுவரில் பரண் கட்டுகிற மாதிரி. தேர்வுக்கு வேண்டியதை நோட்டில் எழுதுங்கள், அல்லது தனியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

இன்னொரு தகவல், இது வெறும் பெருமைக்கு: 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆர்.வி. குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர்.

சிமிழ் | காலை 10:40

ஐயா சொன்னதோடு ஒரு வேடிக்கை. கூகுள் ரீடர் போய்விட்டது, ஆனால் செயலிகள் அதனோடு பேசுவதற்கு இருந்த ஏபிஐ இன்னும் உயிரோடு இருக்கிறது. இனோரீடர், தி ஓல்ட் ரீடர், சொந்த சர்வரில் ஓட்டக்கூடிய ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் எல்லாம் அதே ஏபிஐயைத்தான் பின்பற்றித் தருகின்றன. அதனால் சேவை ஒன்று, படிக்கும் செயலி வேறொன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் இருக்கிறது. பிரென்ட் சிம்மன்ஸ் 2002-ல் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களிடம் கைமாறி 2018-ல் அவரிடமே திரும்பி வந்து, இப்போது இலவசம், திறமூலம். ஆண்ட்ராய்டுக்கு அது இல்லை என்பதால் இவருக்கு உதவாது.

குரூப்டூ கனவு | பிற்பகல் 1:20

நன்றி அக்கா, நன்றி ஐயா. நூலகத்திலிருந்து எழுதுகிறேன். இனோரீடரில் கணக்கு தொடங்கிவிட்டேன். எதிர்க்கட்சி அண்ணா கோபிக்க வேண்டாம், போனில் ஃபீடரையும் நிறுவப்போகிறேன்.

பிபிசி தமிழ் உடனே சேர்ந்தது. ஒரு தமிழ் நாளிதழின் முகவரியைப் போட்டால் ஓடை இல்லை என்கிறது. இன்னொன்று சேர்ந்தது, ஆனால் தலைப்பும் ஒன்றரை வரியும்தான் வருகிறது. பிறகு எதற்கு ரீடர்?

தாமிரபரணிக்கரை | பிற்பகல் 2:02

முகப்பு முகவரியைப் போட்டால் ரீடர் தானாகத் தேடும். பக்கத்தின் மூல நிரலில் ஓடையின் முகவரி ஒரு வரியில் எழுதியிருந்தால் கண்டுபிடித்துவிடும். அந்த வரியை எழுதாத தளங்கள் உண்டு, ஓடை இருந்தும் வெளியே சொல்ல மாட்டார்கள். வேர்ட்பிரஸ் தளம் என்று தோன்றினால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஒரு வகைப்பாட்டின் பக்கத்துக்குப் பின்னால் அதையே போட்டால் அந்த வகைப்பாட்டுக்கு மட்டும் ஓடை வரும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பிஐபி தளத்தில் ஆர்எஸ்எஸ்ஸுக்குத் தனிப் பக்கமே இருக்கிறது. ரிசர்வ் வங்கி செய்தி வெளியீடு, அறிவிக்கை, உரை என்று தனித்தனி ஓடை வைத்திருக்கிறது. தேர்வுக்குச் செய்தி வெளியீடு போதும். அறிவிக்கை எல்லாம் வங்கிக்காரர்கள் படிக்க வேண்டியது.

ஒன்றரை வரி வருவது தளத்துக்காரரின் விருப்பம். உள்ளே வந்து படித்தால்தான் அவர்களுக்கு விளம்பர வருமானம். பல ரீடர்களில் முழுக் கட்டுரையை இழுத்து வரும் பொத்தான் இருக்கிறது. சில தளங்களில் வேலை செய்யும், சந்தா கேட்கும் தளங்களில் செய்யாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். இன்று வந்த நாற்பது தலைப்பில் எதைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒன்றரை வரி தாராளம். தினமும் திறக்கப்போவது ஆறோ ஏழோதான்.

ஓடையே இல்லாத தளத்துக்கும் வழி உண்டு. நான் வீட்டில் ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் ஓட்டுகிறேன். பக்கத்தில் தலைப்பு எங்கே, சுட்டி எங்கே என்று எக்ஸ்பாத் என்ற குறிமுறையில் எழுதிக் கொடுத்தால் அதுவே ஓடை மாதிரி எடுத்து வரும். தளத்தின் வடிவமைப்பை அவர்கள் மாற்றினால் அன்றைக்கே அது படுத்துவிடும், திரும்ப எழுத வேண்டும். வீட்டில் கரண்ட் போனாலும் படுத்துவிடும். உங்களுக்கு இப்போது இது வேண்டாம், தேர்வு முடிந்த பிறகு விளையாடலாம்.

வல்லைவெளி | பிற்பகல் 3:35

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கனகாலமாக ரீடரில்தான் செய்தி வாசிக்கிறேன். தம்பிக்குப் பிறகு உதவக்கூடிய ஒரு விசயம் சொல்கிறேன்: வடிகட்டி. ஒரு சொல் தலைப்பில் இருந்தால் மட்டும் காட்டு, அல்லது ஒளித்து வை என்று சொல்லும் வசதி. பெரும்பாலும் காசு கட்டிய கணக்கில்தான் கிடைக்கும். ஃபீடர் செயலியில் ஒளித்து வைக்கும் பட்டியல் சும்மாவே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு எழுதுவது போலத் தமிழுக்கு எழுதினால் வடிகட்டி பிடிக்காது. யாழ்ப்பாணம் என்று போட்டு வைத்தேன், யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்துக்கு என்று வந்த தலைப்பு ஒன்றும் அகப்படவில்லை. உருபு சேரும்போது கடைசி மகரம் போய்விடுகிறது. யாழ்ப்பாண என்று நிறுத்தினால் எல்லாம் வரும். எங்கள் பத்திரிகைகள் யாழில் என்றும் யாழ். என்றும் சுருக்கி எழுதும், அதற்கு யாழ என்று போட்டேன். இப்போது யாழினி என்று பெயர் உள்ள எல்லோருடைய செய்தியும் வருகிறது.

சிமிழ் | மாலை 4:10

அண்ணா, அருமை. இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஒருங்குறியில் (யூனிகோடு) உயிர்மெய் ஒரே எழுத்தாக இல்லை. மெய்யின் அகர வடிவம் ஒரு குறி, மேலே வரும் உயிர்க்குறி தனி. அதனால் ஈரோட என்று வடிகட்டியில் போட்டால் ஈரோடு, ஈரோட்டில் இரண்டும் சிக்கும். கண்ணுக்கு ஈரோடு என்பதற்குள் ஈரோட இருப்பது தெரியாது, கணினிக்குத் தெரியும். தமிழ்நாட என்றால் தமிழ்நாடு, தமிழ்நாட்டின் எல்லாம் வரும். முழுச் சொல் பொருந்த வேண்டும் என்ற தெரிவு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத ரீடர் ஒன்றை விட்டுவிடும். வரவேண்டிய செய்தி வராவிட்டால் அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்தே சொல்லை நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

குரூப்டூ கனவு | இரவு 9:15

எல்லாவற்றையும் சேர்த்து முடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து போனைத் திறந்தால் படிக்காதவை 600-க்கு மேல் என்று காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

எதிர்க்கட்சி | இரவு 9:28

இதற்காகத்தான் காத்திருந்தேன். நாளிதழின் முகப்பு ஓடையைச் சேர்த்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். சினிமா, கிரிக்கெட், ராசிபலன் எல்லாம் ஒரே குழாயில் வரும். தி இந்துவில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஓடை இருக்கிறது. தமிழ்நாடு, தேசியம், தலையங்கம், அறிவியல், இந்த நாலு போதும். உங்கள் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடைகளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலிருந்து எல்லோரும் எந்த ரீடர் என்று பேசினோம், அதற்குள் எதைப் போடுவது என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஃபீட்லியோ இனோரீடரோ, முகப்பு ஓடையைப் போட்டால் இரண்டும் ஒரே குப்பைதான்.

அப்புறம், அந்த எண்ணிக்கையை மறைக்க அமைப்புகளில் வழி இருந்தால் மறைத்துவிடுங்கள். படிக்காதது கடன் கிடையாது. இரவு படுக்கும்முன் எல்லாம் படித்ததாகக் குறி என்று ஒரு அழுத்து. முக்கியமான செய்தி என்றால் நாளைக்கும் வரும், வேறு தளத்திலும் வரும்.

பழைய பதிவர் | இரவு 9:50

நாளிதழுக்கு ஒப்புக்கொள்கிறேன், வலைப்பதிவுக்கு மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதும் ஒருவரின் பதிவு அந்த அழுத்தில் போய்விட்டால் மறுபடி எங்கும் வராது. அவர் எழுதினார் என்று சொல்ல வேறு ஆள் இல்லை. ரீடர் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்காகத்தான் என்பேன். நாளிதழைப் பார்க்க நாளிதழுக்கே போகலாம்.

எனவே இரண்டு கோப்புறை வையுங்கள். அடிக்கடி வருபவை ஒன்றில், எப்போதோ வருபவை இன்னொன்றில். குறி போடுவதை முதல் கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள்.

எதிர்க்கட்சி | இரவு 9:58

சரி, இதில் ஐயா பக்கம்.

தாமிரபரணிக்கரை | இரவு 10:06

அந்த இரண்டாவது கோப்புறையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதிகம் பேர் படிக்காத ஓடையை இலவசச் சேவைகள் அவ்வளவு அடிக்கடி போய்ப் பார்க்காது. பதிவு தாமதமாக வரும். வலைப்பதிவுக்கு அது பரவாயில்லை. பிஐபியின் தமிழ் வெளியீடு தாமதமாக வருகிறது என்று தோன்றினால் அதை மட்டும் ஃபீடரில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே எத்தனை நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று நீங்களே வைக்கலாம்.

நூலகக் கணினியில் வெளியேறாமல் எழுந்து வராதீர்கள். உலாவியின் தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறப்பது நல்லது.

குரூப்டூ கனவு | இரவு 10:20

முகப்பு ஓடை இரண்டையும் எடுத்துவிட்டேன். 600 இருந்தது 70 ஆகிவிட்டது. ஓபிஎம்எல்லும் இறக்கி மின்னஞ்சலில் போட்டாயிற்று. கடைசியாக ஒன்று: யூடியூப் சேனலைச் சேர்த்தால் ஷார்ட்ஸ் எல்லாம் சேர்ந்து வருகிறது. நடப்பு நிகழ்வுக்கு அவர்கள் தனி பிளேலிஸ்ட் வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் சேர்க்க முடியுமா?

சிமிழ் | இரவு 10:33

முடியும், பிளேலிஸ்ட்டுக்கும் ஓடை உண்டு. ஆனால் அதில் பட்டியலின் முதல் 15 வீடியோதான் வரும். புதிய வீடியோவை மேலே சேர்ப்பவர் என்றால் சரியாக வேலை செய்யும். கீழே சேர்ப்பவர் என்றால் பழைய 15-ஐயே காட்டிக்கொண்டிருக்கும், புதியது வரவே வராது. பட்டியலைத் திறந்து முதல் வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

குரூப்டூ கனவு | இரவு 10:41

பார்த்தேன் அக்கா, கீழேதான் சேர்க்கிறார். சேனலையே வைத்துக்கொண்டு ஷார்ட்ஸைத் தாண்டிப் போகிறேன்.